முப்பது வருஷமா செதுக்குறோம்: இதை இங்கிலீஷில் சொல்ல

தம்மம்பட்டியில் மரச்சிற்பப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு வடக்கேயிருந்து போன் வந்தது. கையில் உளி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். எதிரே பாதி முடிந்த யாளி, மடி நிறைய சிராய். எவ்வளவு காலமாக இந்தத் தொழில் என்று அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது. நம் அண்ணன் திக்காமல் திணறாமல், "வீ டிட் திஸ் வொர்க் ஃபார் தேர்ட்டி இயர்ஸ்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தக் குரல் மரியாதையாகக் கேட்டது: "அண்ட் வாட் டூ யூ டூ நவ்?"

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் யாளியைப் பார்த்தேன். "இப்ப என்ன பண்றீங்கன்னு கேக்குறான். என்னத்தப் பண்றேன், இதத்தானே பண்றேன்!"

அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வாத்தியார் யாரும் சிவப்பு மை போட முடியாது. ஆனால் 'டிட்' என்ற ஒரு சொல் அந்த முப்பது வருஷத்தையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டது. கேட்டவர், இந்த ஆள் தொழிலை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். "வீ ஹேவ் பீன் டூயிங் திஸ் ஃபார் தேர்ட்டி இயர்ஸ்" என்றிருந்தால், முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த உளி இன்னும் கையில் இருக்கிறது என்று புரிந்திருக்கும்.

சாயங்கால வேளையில் நாலு பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நர்ஸிங் முடித்த பெண், ஆத்தூருக்கு காலேஜ் போகிற பையன், பட்டறைக்காரர், மகன் வெளிநாட்டில் இருக்கும் ஓர் அம்மா என்று கலவையான கூட்டம். பிரசண்ட் பெர்ஃபெக்ட், பிரசண்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்ற இரண்டும்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி காலை வாருகின்றன. பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை இங்கே எழுதுகிறேன். செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம்.

செய்யக்கூடாதவை

● "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று சொல்லாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது. இதில் இரண்டு ஓட்டை. முதல் ஓட்டைக்கு நம் தமிழ்தான் காரணம். "பத்து வருஷமா இங்க இருக்கேன்" என்பதில் 'இருக்கேன்' நிகழ்காலம். நமக்கு அது போதும். 'வருஷமா' என்ற சொல்லே பழையதையும் இன்றையதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. இங்கிலீஷில் அந்தக் கட்டை வினைச்சொல் போட வேண்டும்: "ஐ ஹேவ் பீன் லிவிங்". ஜெர்மன்காரரும் பிரெஞ்சுக்காரரும்கூட இந்த இடத்தில் அவரவர் பாஷையில் நிகழ்காலம்தான் வைக்கிறார்கள். அவர்கள் இங்கிலீஷ் படிக்கும்போதும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஆகவே வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது ஓட்டை 'சின்ஸ்'. இதற்குத் தமிழைக் குறை சொல்ல முடியாது. நம்மிடம் 'காலையிலேருந்து' வேறு, 'மூணு மணி நேரமா' வேறு. 'லேருந்து' வந்தால் சின்ஸ், சொல் 'ஆ' என்று நீண்டு முடிந்தால் ஃபார். 'ரெண்டு நாளா', 'ரொம்ப நாளா', 'ஒரு மாசமா' எல்லாம் ஃபார். 'நேத்திலேருந்து', 'பொங்கல்லேருந்து', '1997லேருந்து' எல்லாம் சின்ஸ். இவ்வளவு சுத்தமான கணக்கு கையிலிருந்தும் 'சின்ஸ் டென் இயர்ஸ்', 'சின்ஸ் லாங்' என்று ஏன் வருகிறது? பள்ளிக்கூடத்தில் 'ஹேவ் பீன் வந்தால் சின்ஸ் போடு' என்று மந்திரம் மாதிரி ஓதிவிட்டார்கள். அந்த மந்திரத்தை மறந்துவிடுங்கள்.

● சின்ஸுக்குப் பின்னால் ஒரு சம்பவம் வந்தால் அதற்கும் ஹேவ் மாட்டாதீர்கள். 'கல்யாணம் ஆனதிலேருந்து' என்பது "சின்ஸ் ஐ காட் மேரீட்". கல்யாணம் ஒரு நாளில் நடந்து முடிந்தது, அது பாஸ்ட். அதற்குப் பிறகு ஓடுகிற வாழ்க்கைக்குத்தான் ஹேவ்.

● முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டு ஹேவ் போடாதீர்கள். "ஐ ஹேவ் ஸீன் ஹிம் யெஸ்டர்டே" ஆகாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 1934, வென் ஐ வாஸ் எ பாய், இவை எல்லாம் கதவைச் சாத்திய அறைகள். உள்ளே பாஸ்ட் மட்டும்தான் குடியிருக்கும்.

வருஷத்தைக் கண்டாலே பயந்து பாஸ்ட் போடுகிறவர்களும் உண்டு. வருஷத்துக்கு முன்னால் எது நிற்கிறது என்று பாருங்கள். நாமக்கல் 1997 வரைக்கும் நம் சேலம் மாவட்டத்தோடு இருந்தது. "நாமக்கல் பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 1997" என்றால் பிரிந்த அந்த நாளைப் பற்றிய பேச்சு. "நாமக்கல் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1997" என்றால் அன்று முதல் இன்று வரைக்குமான பேச்சு. மேட்டூர் அணையும் அப்படியே: கட்டி முடித்தது இன் 1934, நிற்பது சின்ஸ் 1934.

● இறந்தவர்களுக்கும் மூடிய கம்பெனிகளுக்கும் ஹேவ், ஹேஸ் கொடுக்காதீர்கள். இங்கே தமிழ் நம்மை நைசாக ஏமாற்றும். "எங்க தாத்தா கோயில் வாகனமெல்லாம் செஞ்சிருக்காரு" என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள். தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமானாலும் நம் 'இருக்காரு' அவரை விடாது. இங்கிலீஷ் விட்டுவிடும்: "மை கிராண்ட்ஃபாதர் மேட் டெம்பிள் வாகனாஸ்". 'ஹேஸ் மேட்' என்றால் தாத்தா இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த ஆர்டர் எடுப்பார் என்று அர்த்தம் ஆகிவிடும்.

சேலத்து உதாரணம் ஒன்று. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அவர் 1963இல் காலமானார், பின்னாளில் ஸ்டூடியோவும் மூடிவிட்டது. ஆகவே "மாடர்ன் தியேட்டர்ஸ் மேட் மோர் தன் எ ஹண்ட்ரட் ஃபிலிம்ஸ்". ஆனால் ஏற்காடு ரோட்டில் அதன் முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது அல்லவா? அதற்கு "தி ஆர்ச் ஹேஸ் சர்வைவ்ட்". ஒரே இடம். போனதற்கு ஒரு வினை, நிற்பதற்கு வேறு வினை. வகுப்பில் நான் எத்தனை அட்டவணை போட்டும் புரியாதது இந்த வளைவைச் சொன்னதும் புரிந்தது.

● ராத்திரி பெய்த மழைக்கு 'ஹேஸ்' போடாதீர்கள். காலையில் வாசலைத் திறக்கிறோம், தெரு நனைந்திருக்கிறது. "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். நாம் பெய்ததைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். அந்த ஊகத்தைச் சொல்லத்தான் 'இருக்கு'. இங்கிலீஷின் ஹேஸுக்கு இந்த வேலை கிடையாது. "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்று ஊகத்துக்கு வேறு சொல் கேட்கும், இல்லையென்றால் "இட் ரெய்ன்ட்" என்று முடித்துவிடும். 'இருக்கு' வந்தால் ஹேஸ் என்று கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 'லாஸ்ட் நைட்' என்று சொல்லாமல் ஈரத்தை மட்டும் காட்டினால் "இட் ஹேஸ் பீன் ரெய்னிங்" சரி.

● தெரியும், பிடிக்கும், வேணும், இருக்கு, இவற்றுக்கு 'இங்' மாட்டாதீர்கள். "ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்" என்று இங்கிலீஷ்காரர் சொல்லமாட்டார். "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ட்வெண்டி இயர்ஸ்" என்பார். நாமும்தான் 'எனக்கு அவரைத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கு' என்று சொல்வதில்லையே. தமிழில் 'கிட்டு இருக்கு' ஒட்டாத வினைக்கு அங்கே 'இங்' ஒட்டாது. இது முழுக்கப் பொருந்துகிற சோதனை இல்லை, 'நம்பு' மாதிரி ஒன்றிரண்டு வினை நழுவும். இருந்தாலும் பத்துக்கு எட்டு தேறும். டாக்டரிடம் "ஐ ஆம் ஹேவிங் சுகர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: "ஐ ஹேவ் ஹேட் டயாபட்டீஸ் ஃபார் டென் இயர்ஸ்". ஹேவும் ஹேட்டும் அடுத்தடுத்து வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். முதல் ஹேவ் வேலையாள், இரண்டாவதுதான் முதலாளி.

● 'ஹேஸ் பீன்' பார்த்ததும் கன்டினியூவஸ் என்று முடிவு கட்டாதீர்கள். "தி பஸ் ஹேஸ் பீன் கேன்சல்ட்" என்பதில் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ரத்து பண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான். பின்னால் 'இங்' இருந்தால் ஓடுகிறது, 'எட்' இருந்தால் யாரோ செய்து முடித்துவிட்டார்கள். ஆபீஸ் கடிதங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இரண்டாம் வகை.

● கோ, வென்ட், கான் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதோடு நிற்காதீர்கள். ரென் அண்டு மார்ட்டினைக் கரைத்துக் குடித்த ஒருவர் என்னிடம் "ஐ ஹேவ் ஸா" என்றார். வாய்ப்பாட்டில் மூன்றாவதாக வருவது 'ஸீன்' என்று அவருக்குத் தெரியும். ஆனால் 'ஹேவ் ஸீன்' என்று சேர்த்து அவர் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. தனியாகக் 'கான்' படிக்காதீர்கள். 'ஹேஸ் கான்' என்று ஜோடியாகவே படியுங்கள்.

● பேசுகிறவரை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். வாக்கியம் முடியட்டும்.

செய்ய வேண்டியவை

● 'ஆச்சு'வைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரசண்ட் பெர்ஃபெக்ட் நமக்குப் புதிது என்று யார் சொன்னது? வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா?" அது அச்சு அசலாக "ஹேவ் யூ ஈட்டன்?" "சாப்பிட்டாச்சு" என்றால் "ஐ ஹேவ்". 'எப்போது சாப்பிட்டாய்' என்பது யாருக்கும் வேண்டாம்; இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா, இலை போடலாமா என்பதுதான் பேச்சு. பிரசண்ட் பெர்ஃபெக்டின் உயிரே அதுதான். நடந்தது பழசு, அதன் பலன் இப்போது. பெயரில் 'பிரசண்ட்' இருப்பது அதனால்தான். அமெரிக்காவில் மகன் இருக்கும் அம்மாவுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே "டிட் யூ ஈட் யெட்?" என்றும் சகஜமாகக் கேட்பார்கள். பேரன் அப்படிக் கேட்டால் திருத்த வேண்டாம்.

● 'வரல' என்று சொல்லும்போது எந்த 'வரல' என்று ஒரு நொடி யோசியுங்கள். தமிழில் "நேத்து பஸ் வரல", "இன்னும் பஸ் வரல" இரண்டுக்கும் ஒரே 'வரல'. இங்கிலீஷில் இவை இரண்டும் வெவ்வேறு வீடு. நேத்து வரல: "டிட் நாட் கம்". இன்னும் வரல: "ஹேஸ் நாட் கம் யெட்". 'இன்னும்' சொல்ல முடிந்தால் ஹேஸ், முடியாவிட்டால் டிட். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் நேரம் இதைப் பழகுவதற்கென்றே கொடுத்தது மாதிரி. ஆத்தூர் பஸ் வந்துருச்சா, துறையூர் பஸ் போயிருச்சா, கண்டக்டர் இன்னும் ஏறலையா என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருங்கள்.

● கேள்வியை இரண்டு படியாகக் கேட்டுப் பழகுங்கள். நான் பார்த்தவரை இதைவிட நல்ல பயிற்சி இல்லை. முதல் படி 'எப்பவாவது', இரண்டாம் படி 'எப்போ'. எப்பவாவதுக்கு ஹேவ், எப்போவுக்கு டிட். இரண்டு பேர் உட்கார்ந்து இப்படி ஆரம்பிக்கலாம்:

"ஹேவ் யூ எவர் பீன் டு கொல்லிமலை?"
"யெஸ், ஐ ஹேவ்."
"வென் டிட் யூ கோ?"
"லாஸ்ட் ஆடி."
"டிட் யூ ஃபீல் சிக் ஆன் தி பெண்ட்ஸ்?"

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டு வாந்தி எடுக்காதவர் யார்? பேச்சு அதுவாக வளரும். முதல் கேள்வியில் கதவு திறக்கிறது, அதற்குப் பிறகு எல்லாம் பாஸ்ட். நம்மவர்கள் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டு இரண்டாவதையும் "வென் ஹேவ் யூ கான்" என்று கேட்டுவிடுகிறார்கள். படி மாறும் அந்த இடத்தில்தான் பழக வேண்டும்.

இதே மலையை வைத்து இன்னொன்றும் பார்த்துவிடலாம். "அவன் கொல்லிமலைக்குப் போயிருக்கான்" என்றால் இப்போது மலைமேல் இருக்கிறானா, என்றைக்கோ ஒருநாள் போய்வந்தவனா? தமிழில் இரண்டும் ஆகும். இங்கிலீஷில் போய்வந்தவன் "ஹேஸ் பீன் டு", இன்னும் திரும்பாதவன் "ஹேஸ் கான் டு". ஆளைத் தேடி வீட்டுக்கு வந்தவரிடம் 'பீன்' என்று சொல்லிவிட்டால் அவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

● பட்டறையில் போய் உட்கார்ந்து பாருங்கள். பட்டறை இல்லாத ஊரில் அடுப்படி போதும். எண்ணிக்கை சொன்னால் சாதா பெர்ஃபெக்ட், நேரம் சொன்னால் கன்டினியூவஸ் என்று புத்தகம் சொல்வதைக் கண்ணால் காணலாம். சிற்பி காலையிலிருந்து கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டிருக்கிறார். அலமாரியில் முடிந்த யானை மூன்று. "ஹி ஹேஸ் கார்வ்ட் திரீ எலிஃபண்ட்ஸ்". காலடியில் சிராய், மீசையில் மரத்தூள். "ஹி ஹேஸ் பீன் கார்விங் சின்ஸ் மார்னிங்". அலமாரியைப் பார்த்தால் ஒன்று, தரையைப் பார்த்தால் மற்றொன்று. விலை கேட்டு வந்தவருக்கு அலமாரி வேண்டும். 'ஏண்ணே இவ்வளவு களைப்பு' என்று கேட்டவருக்குத் தரை வேண்டும். 'ஹேவ் பீன் கார்விங் திரீ எலிஃபண்ட்ஸ்' என்று இரண்டையும் கலக்கினால் மூன்று யானையும் அரைகுறையாக நிற்கிறது என்று ஆகிவிடும். தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும் "தம்மம்பட்டி வுட் கார்விங் ஹேஸ் காட் எ ஜிஐ டேக்" என்று சொல்லிக்கொள்ளலாம். பலகையில் எழுதி மாட்டினாலும் தகும், குறியீடு இன்றும் நம்மிடம்தானே இருக்கிறது.

நர்ஸிங் பெண்ணுக்கு இதே பாடம் வேறு உருவில் வந்தது. வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி பரீட்சைக்குப் படிக்கிறாள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றி அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். "ஷி ஹேஸ் பீன் வாமிட்டிங் சின்ஸ் மிட்நைட்" என்றால் இன்னும் நிற்கவில்லை, கவனி. "ஷி ஹேஸ் வாமிட்டட் திரீ டைம்ஸ்" என்றால் கணக்கு. "ஷி வாமிட்டட் அட் மிட்நைட்" என்றால் அப்போது எடுத்தாள், அதோடு சரி. மருந்து எழுதுகிறவருக்கு மூன்றும் மூன்று செய்தி. "சார், யாளியெல்லாம் எனக்கு வேணாம், வாந்தியே போதும், நல்லா புரியுது" என்றாள்.

● கல்யாணமும் சாவும் ஒரே நொடியில் நடப்பவை, அதற்குப் பிந்தைய நிலைதான் நீளும் என்று நினைவில் வையுங்கள். "கல்யாணம் ஆகி பத்து வருஷம் ஆச்சு" என்பதை "ஐ ஹேவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்" என்று சொல்லுங்கள். 'ஐ ஹேவ் காட் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்து வருஷமாகத் தாலி கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

● காலையா சாயங்காலமா என்று மணி பாருங்கள். காலை பத்து மணிக்கு "ஹேவ் யூ ஸீன் ஹிம் திஸ் மார்னிங்?" சரி, காலை இன்னும் தீரவில்லை. விளக்கு வைத்த பிறகு அதே கேள்வி "டிட் யூ ஸீ ஹிம் திஸ் மார்னிங்?" ஆகிவிடும்.

● ஹேவை விழுங்கிப் பழகுங்கள். 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்தினால் சண்டைக்கு நிற்பது மாதிரி கேட்கும். 'ஐவ் ஃபினிஷ்ட்', 'வீவ் பீன்', 'ஹீஸ் கான்'. நாம் விழுங்கிப் பழகினால்தான் அடுத்தவர் விழுங்குவது காதில் விழும். போனில் அந்தக் குட்டி 'வ்' கேட்காமல் போவதால்தான் பாதிப் பேர் அவர்கள் ஹேவே போடுவதில்லை என்று நினைக்கிறார்கள்.

● ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் உங்கள் வாயால் போனில் பதிவு பண்ணுங்கள். முடித்தது ஒன்று, இன்னும் முடியாதது ஒன்று, காலையிலிருந்து செய்துகொண்டிருப்பது ஒன்று. புத்தகத்து ராமனும் சீதாவும் வேண்டாம், உங்கள் வீட்டுச் சங்கதியாக இருக்கட்டும். ராத்திரி ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். பட்டறை அண்ணன் இதை விடாமல் செய்தார். போன வாரம் ஒரு பதிவை எனக்கும் அனுப்பியிருந்தார். கேட்டால், அதையே வடக்கே இருக்கும் அந்த வாடிக்கையாளருக்கும் தட்டிவிட்டிருக்கிறார்:

"சார், ஐவ் ஃபினிஷ்ட் தி யாளி. ஐ ஹேவண்ட் பேக்ட் இட் யெட். ஐவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் அட்வான்ஸ் சின்ஸ் ஃப்ரைடே."